பத்துக்கு எத்தனை?

அந்த மருத்துவமனைக்குள் வலியோடு நுழையலாம். வலியோடு தங்கக் கூடாது. வாசலில் ஆளுயரப் பலகை வைத்து, ‘இது வலியில்லா மருத்துவமனை’ என்று எழுதியிருந்தார்கள். அதற்கான தரச்சான்று இன்னும் கைக்கு வரவில்லை. சான்று தரும் குழு அன்று மாலை மூன்று மணிக்குத்தான் வருவதாக இருந்தது. பலகை கொஞ்சம் முந்திக்கொண்டது, அவ்வளவுதான்.

குழாய்க்காரர் காலை ஏழு பத்துக்கு அந்தப் பலகையைத் தாண்டி உள்ளே நடந்து போனார். நடந்துதான் போனார் என்பதை இங்கேயே சொல்லிவிட வேண்டும். பின்னால் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். விடிந்தும் விடியாததுமாக ஒரு வீட்டில் பாத்திரத் தொட்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து, துருப்பிடித்த இணைப்பு ஒன்றைத் திருகிக்கொண்டிருந்தவருக்கு, அடிமுதுகில் யாரோ ஆணியை வைத்து அறைந்தது போல ஒரு வலி வந்தது. கையிலிருந்த ஸ்பானர் நழுவி மூக்கின் மேல் விழுந்ததுகூட அவருக்கு உறைக்கவில்லை. வலி முதுகோடு நிற்காமல் இரண்டு தொடைகளிலும் இறங்கியது. அந்த வீட்டுக்காரரே தன் காரில் ஏற்றிவந்து மருத்துவமனை வாசலில் இறக்கிவிட்டு, பாதி கழற்றிய குழாயை நினைத்துப் பதறிக்கொண்டு திரும்பிப் போனார். விஷயம் கேள்விப்பட்டு மனைவி போட்டது போட்டபடி ஓடிவந்தாள்.

குழாய்க்காரருக்கு ஐம்பத்திரண்டு வயது. முப்பது வருஷமாக இதே வேலை. தொழில் சுத்தம். அவரைப் பற்றி மனைவிக்கு இருந்த ஒரே குறை, மனிதர் வாயைத் திறந்தால் உண்மையைச் சொல்லிவிடுவார் என்பதுதான். குழாயை மாற்றக் கூப்பிட்ட வீட்டில், “மாத்தவே வேணாங்க, இன்னும் ரெண்டு வருஷம் தாங்கும்” என்று சொல்லிவிட்டு வெறுங்கையோடு திரும்பி வருகிறவர். இப்படிப்பட்டவரைத் திருத்த முடியாது என்று அவள் எப்போதோ கைகழுவிவிட்டாள். போன வருஷம் அவருடைய இதயம் தாளம் தப்பி அடிக்கிறது என்று கண்டுபிடித்து, ரத்தம் கட்டிக்கொள்ளாமல் இருக்க ஒரு மாத்திரை கொடுத்திருந்தார்கள். அதையும் ஒரு வேளை தவறாமல் சாப்பிட்டுவந்தார்.

உள்ளே நுழைந்ததும் முதல் மேசை டாக்டருடையது அல்ல. அங்கே வலி மதிப்பீட்டு அலுவலர் உட்கார்ந்திருந்தார். இதற்கு முன் ஒரு பெரிய தங்கும் விடுதியில் விருந்தினர் திருப்திப் பிரிவில் இருந்தவர். கையில் ஒரு பிளாஸ்டிக் அளவுகோல். அதில் பூஜ்யத்திலிருந்து பத்து வரை பதினொரு முகங்கள் வரைந்திருந்தன. பூஜ்யத்தில் இருந்த முகம் சிரித்தது. பத்தில் இருந்த முகம் அழுதது.

“ஐயா, பத்துக்கு எத்தனை?”

“என்னதுங்க?”

“வலிதாங்க. பூஜ்யம்னா சுத்தமா இல்ல. பத்துன்னா இதுக்கு மேல தாங்க முடியாது. அவசரமே இல்ல, நிதானமா யோசிச்சுச் சொல்லுங்க. உங்க வலிக்கு நீங்கதான் முதலாளி.”

நிதானமாக யோசிக்க முடிகிற ஆள் அங்கே எதற்கு வருகிறார்? குழாய்க்காரர் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, “பத்துங்க” என்றார்.

“எல்லாரும் பத்துன்னுதான் ஆரம்பிக்கிறாங்க” என்று அலுவலர் உண்மையாகவே வருத்தப்பட்டார். பிறகு குழாய்க்காரரின் மணிக்கட்டில் ஒரு சிவப்புப் பட்டையைக் கட்டிவிட்டார்.

சிவப்புப் பட்டைக்கு மதிப்பு இருந்தது. அரை மணிக்குள் ஒரு டாக்டர் வந்தார். இருபத்தெட்டு, முப்பது வயதுப் பெண். முந்தின நாள் ராத்திரி முழுக்க வேலை பார்த்துக் கண்கள் உள்ளே போயிருந்தன. ஆனாலும் அவர் அளவுகோலை எடுக்கவில்லை. சின்னச் சுத்தியலால் முழங்காலைத் தட்டிப் பார்த்தார். கால் கட்டைவிரலை மேலே தூக்கச் சொல்லி, தன் விரலால் அழுத்திப் பார்த்தார். என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று கேட்டார். ரத்தம் கட்டாமலிருக்கும் மாத்திரையின் பெயரைக் கேட்டதும் அவருடைய முகம் மாறிவிட்டது.

“இங்க பாருங்கம்மா” என்றார் மனைவியிடம். “முதுகெலும்புக்குள்ள நரம்பு போற பாதை ரொம்பக் குறுகல். அதைச் சுத்தி ரத்தம் கசிஞ்சு கட்டிக்கிட்டா நரம்பை நசுக்கிடும். இவருக்கு அப்படித்தான் ஆகியிருக்கும்னு எனக்குச் சந்தேகம். ஸ்கேன்ல பார்த்தாத்தான் நிச்சயமாத் தெரியும். உடனே எடுத்தாகணும். கால் மரத்தாலும், பலம் கொறஞ்சாலும், ஒண்ணுக்குப் போக முடியலன்னாலும் ஒரு நிமிஷம் தாமதிக்கக் கூடாது. சில மணி நேரத்துக்குள்ள ஆபரேஷன் பண்ணி அந்த ரத்தத்தை எடுத்துட்டா கால் தப்பிச்சிடும்.”

“செவுத்துக்குள்ள லீக்கு” என்றார் குழாய்க்காரர், பல்லைக் கடித்துக்கொண்டு.

“அதேதாங்க” என்றார் டாக்டர்.

ஆக, காலை ஏழு ஐம்பதுக்கெல்லாம் நோய் இன்னதென்று தெரிந்துவிட்டது. மருத்துவமனை இதை எப்படிச் சமாளித்தது என்பதுதான் கதை.

டாக்டர் கம்ப்யூட்டரில் ஸ்கேன் கேட்டார். வலி எண்ணை மறுபடி ஒருமுறை உறுதி செய்யாமல் ஸ்கேன் தர முடியாது என்றது கம்ப்யூட்டர். மறு உறுதி ஒன்பது மணிக்கு. டாக்டர் அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோதே மணி எட்டாகிவிட்டது. அவருடைய வேலை நேரம் முடிந்ததால் கம்ப்யூட்டர் அவரை யாரென்று கேட்டது. பெயரைச் சொன்னார். அப்படி ஒருவர் இப்போது பணியில் இல்லை என்றது. அடுத்து வர வேண்டிய டாக்டர்கள் எல்லோரும் கூட்ட அரங்கில் இருந்தார்கள். குழு வரும்போது எங்கே நிற்பது, எந்தக் கேள்விக்கு எந்த அளவு புன்னகைப்பது என்று அங்கே ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. அரங்கின் கதவைத் தட்டிப் பார்த்தார். ‘அமைதி’ என்ற அட்டையைக் காட்டினார்கள். கடைசியில் அவர் ஒரு சீட்டில் தன் கைப்பட, ‘அடிமுதுகில் தண்டுவடப் பாதையைச் சுற்றி ரத்தக்கசிவு என்று சந்தேகம். உடனே ஸ்கேன்’ என்று எழுதி, இரண்டு கோடு போட்டு மனைவியிடம் கொடுத்தார்.

“யாரைப் பார்த்தாலும் இதைக் காட்டுங்க. விடாதீங்க. சண்டை போட்டாவது எடுக்க வையுங்க.”

மனைவி அந்தச் சீட்டை வைத்துக்கொண்டு அன்று முழுக்க அல்லாடினாள். எட்டரை மணிக்குள் ஒன்பது பேரிடம் காட்டிவிட்டாள். கையால் எழுதியது செல்லாது என்று நான்கு பேர் சொன்னார்கள். கையெழுத்து அழகாக இருக்கிறது என்று ஒருத்தர் சொன்னார். மற்றவர்கள் ஒத்திகைக்கு நேரமாகிவிட்டது என்று ஓடினார்கள்.

ஒன்பது மணிக்கு ஒரு நர்ஸ் வந்தாள். நாற்பது வயதிருக்கும், நல்ல மனசுக்காரி என்று முகத்திலேயே தெரிந்தது. “பத்துக்கு எத்தனைண்ணே?”

குழாய்க்காரர் யோசித்தார். முதுகில் வலி அப்படியேதான் இருந்தது. ஆனால் தொடைகளில் எரிந்துகொண்டிருந்தது கொஞ்சம் அடங்கியிருந்தது. அந்த இடத்தில் ஏதோ கம்பளியைச் சுற்றி வைத்தது போல மொத்தையாக இருந்தது. இருப்பதை இருக்கிறபடி சொன்னார். “எட்டும்மா.”

“பரவால்லையே!” என்று நர்ஸ் மகிழ்ந்துபோய், சிவப்பை அவிழ்த்துவிட்டு ஆரஞ்சுப் பட்டையைக் கட்டினாள்.

பத்து மணிக்கு, “ஆறும்மா.” மஞ்சள் பட்டை. இடது பாதம் படுக்கையில் பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது. நிமிர்த்தி வைத்தால் மறுபடி சாய்ந்தது. பத்தரைக்கு, காலையில் டாக்டர் கம்ப்யூட்டரில் கேட்டுவைத்ததை வைத்து, ஸ்கேன் அறையிலிருந்து கூப்பிட்டே விட்டார்கள். மனைவி முகத்தில் அப்போதுதான் உயிர் வந்தது. ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு போய் வாசலில் நின்றால், ஸ்கேன் எடுப்பவர் பட்டையைப் பார்த்துவிட்டுக் கையை விரித்தார். முதுகு ஸ்கேன் ஏழும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு மட்டும்.

“ஐயா, காலையில பத்து இருந்துச்சுங்க!”

“காலையில வந்திருந்தா எடுத்திருப்பேம்மா.”

“காலையில வந்தா ஒன்பது மணி ஆகணும்னாங்க!”

“அது வேற டிபார்ட்மெண்ட்” என்றார் அவர். அவரும் பாவம்தான். கதவு ஏழுக்குக் குறைந்தால் திறக்காத மாதிரி பட்டையோடு சேர்த்துப் பூட்டியிருந்தார்கள்.

மனைவி நேராக வலி மதிப்பீட்டு அலுவலரிடம் போய் நின்றாள். அவர் கழுத்துப்பட்டியைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

“அம்மா, நீங்க படிச்சவங்க மாதிரி தெரியுது, அதனால விளக்கமா சொல்றேன்” என்று ஆரம்பித்தார். “உங்க வீட்டுக்காரர் வரும்போது பத்து. இப்ப ஆறு. மூணு மணி நேரத்துல நாப்பது சதவீதம் கொறச்சிருக்கோம். இதுக்கு நீங்க நன்றி சொல்லணும்னுகூட நான் எதிர்பார்க்கல. ஆனா சண்டைக்கு வர்றது மனசுக்குக் கஷ்டமா இருக்கு.”

“நீங்க ஒரு மருந்துகூடக் குடுக்கலையேங்க!”

“அதாம்மா பெருமையே.”

“அவருக்குத் தொடையெல்லாம் மரத்துப்போச்சு. பாதம் நிக்க மாட்டேங்குது.”

“மரத்துப்போச்சுன்னா வலிக்குதா?”

“வலிக்கல. அதான் பயமா இருக்கு.”

அலுவலர் தன் அளவுகோலை அவள் பக்கம் திருப்பிக் காட்டினார். “இதுல எந்த முகம் பயந்திருக்கு, காட்டுங்க. இல்லல்ல? எல்லா நாட்டு நிபுணர்களும் உக்காந்து யோசிச்சுப் போட்ட அளவு இது. மரத்துப்போறதுக்குன்னு அவங்க ஒரு கட்டம் போடலைன்னா, காரணமில்லாமயா போடாம இருப்பாங்க? நோயாளி என்ன சொல்றாரோ அதை நாங்க அப்படியே நம்புறோம்மா. டாக்டர் சொல்றதுக்கு மேலா நம்புறோம். இது நோயாளியோட காலம்.”

சீட்டைக் காட்டினாள். அலுவலர் அதை வாங்கி, மறுபக்கம் காலியாக இருந்ததால், குழுவுக்குக் காபி எத்தனை என்று குறித்துக்கொண்டு திருப்பிக் கொடுத்தார்.

திரும்பி வந்தவள் கணவனின் காதருகே குனிந்தாள். “என்னங்க, அடுத்த தடவை அவ வந்து கேட்டா பத்துன்னு சொல்லுங்க.”

“வலிக்கலையே.”

“வலிக்கலைன்னா என்ன? வாயில ஒரு வார்த்தை. சொன்னா முத்தா உதிர்ந்துடும்?”

“இல்லாததை எப்படிச் சொல்றது? பின்னால வர்றவனுக்குப் பத்து இருக்கும். அவன் இடத்தை நான் எடுத்துக்கக் கூடாதுல்ல?”

அவளுக்கு வந்த ஆத்திரத்துக்கு, அங்கேயே ஒரு அறை விட்டிருப்பாள். விட்டிருந்தால் ஒருவேளை எண் ஏறியிருக்கும். அவள் அழுதாள். அதைப் பார்த்ததும் மனிதர் இறங்கிவந்தார்; சரி, சொல்கிறேன் என்றார். பன்னிரண்டு மணிக்கு நர்ஸ் வந்தாள். “பத்துக்கு எத்தனைண்ணே?” குழாய்க்காரர் வாயைத் திறந்தார். மனைவி மூச்சைப் பிடித்துக்கொண்டாள். “பத்...” என்றவர், நர்ஸின் முகத்தைப் பார்த்தார். அவள் அவ்வளவு அக்கறையோடு பேனாவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவருடைய காது சிவந்துவிட்டது. “மூணும்மா” என்றார்.

பச்சைப் பட்டை. பச்சைப் பட்டைக்காரர்களை மற்றவர்களோடு வைப்பதில்லை. அழுகிற முகங்களைப் பார்த்து எண் கெட்டுவிடுமாம். அவரைப் பின்பக்கத்தில் ‘நலம் பெறுவோர் முற்றம்’ என்ற இடத்துக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். அங்கே பிளாஸ்டிக் செடிகளும் மெல்லிய இசையும் இருந்தன, டாக்டர்தான் இல்லை. நலம் பெறுகிறவர்களுக்கு டாக்டர் எதற்கு?

ஒரு மணிக்கு நர்ஸ் வேறொரு படிவமும் கொண்டுவந்தாள். “ஒண்ணுக்குப் போறப்ப எரிச்சல், வலி எதுவும் இருக்காண்ணே?”

“காலையிலருந்து போகவே இல்லம்மா. வர மாட்டேங்குது.”

“அப்ப வலி இல்ல?”

“போனாத்தானே வலிக்கும்.”

‘வலி இல்லை’ என்ற கட்டத்தில் அவள் டிக் போட்டாள். வேறு கட்டம் அதில் இல்லை. அடிவயிறு பானை மாதிரி உப்பியிருந்ததை மனைவி தொட்டுக் காட்டினாள். நர்ஸ் தொட்டுப் பார்த்தாள்; மறுபடி ஒருமுறை அழுத்திப் பார்த்தாள். அவளுக்கும் ஏதோ உறுத்தியிருக்க வேண்டும். “டாக்டர்ங்க அரங்கத்துல இருந்து வந்ததும் சொல்றேன்க்கா” என்றாள். சொன்னாள் என்றே வைத்துக்கொள்வோம்.

அந்த ஒரு மணி நேரத்தில் குழாய்க்காரர் தன் கால்களைப் பார்த்தபடி கிடந்தார். அவருடைய கால்கள்தான். இடது முழங்காலில் பழைய தழும்பு இருந்தது. ஆனால் மடக்கு என்றால் அவை மடங்கவில்லை. யாரோ மறந்து விட்டுவிட்டுப் போன சாமான் மாதிரிக் கிடந்தன. அவருக்குப் பயமாக இருந்தது. பயம் என்று சொல்லத் தெரியாத மனிதர் என்பதால், தனக்குத் தெரிந்த மொழியில் மனைவியிடம் சொன்னார்.

“செவுத்துக்குள்ள குழாய் உடைஞ்சா முதல்ல வெளியில சொட்டும். திடீர்னு சொட்டு நின்னுடும். வீட்டுக்காரங்க சரியாப்போச்சுன்னு சந்தோஷப்படுவாங்க. நான் போய்ப் பார்த்தா, தண்ணி உள்ளயே வேற வழி பண்ணிக்கிட்டு அஸ்திவாரத்துல எறங்கியிருக்கும்.”

“இதை அவங்ககிட்ட சொல்லுங்களேன்!”

சொன்னார். இரண்டு மணிக்கு அலுவலரே நேரில் வந்தபோது வார்த்தை மாறாமல் சொன்னார். அலுவலர் கேட்டுவிட்டு, ‘நோயாளி தொழில் நினைவுகளை உற்சாகமாகப் பகிர்ந்துகொள்கிறார்’ என்று எழுதிக்கொண்டார். “சரிங்கய்யா, இப்ப பத்துக்கு எத்தனை?”

முதுகிலும் வலி ஏறக்குறைய போய்விட்டிருந்தது. குழாய்க்காரர் கொஞ்ச நேரம் உள்ளே தேடிப் பார்த்தார். இடுப்புக்குக் கீழே ஒன்றுமே இல்லை. “பூஜ்யம்” என்றார்.

அலுவலருக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த மருத்துவமனை தொடங்கிய நாளிலிருந்து, ஒரே நாளில் பத்திலிருந்து பூஜ்யத்துக்கு வந்தவர் யாருமே கிடையாது. அவர் ஓடிப்போய் இயக்குநரிடம் சொன்னார். இயக்குநர் வந்து குழாய்க்காரரின் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக் குலுக்கினார். தலைவாரிவிட்டார்கள். சுத்தமான சட்டை மாட்டிவிட்டார்கள். வெள்ளைப் பட்டை ஒன்று கட்டினார்கள். அதை இதுவரை யாருக்கும் கட்டியதில்லை என்பதால் உறையைக் கிழிக்கவே நேரம் பிடித்தது.

சரியாக மூன்று மணிக்குக் குழு முற்றத்துக்குள் வந்தது. நான்கு பேர், கழுத்தில் அட்டை. பின்னால் காலையிலிருந்து ஒத்திகை பார்த்த டாக்டர்கள், எந்தெந்த இடத்தில் நிற்க வேண்டுமோ அந்தந்த இடத்தில், எந்த அளவு புன்னகைக்க வேண்டுமோ அந்த அளவு புன்னகைத்துக்கொண்டு நின்றார்கள். பதினொரு டாக்டர்கள். குழாய்க்காரரிலிருந்து கைக்கெட்டும் தூரம்.

“ஐயா, இவருக்கு இடுப்புக்குக் கீழ...” என்று மனைவி முன்னால் வந்தாள்.

“குடும்பத்தார் உணர்ச்சிவசப்பட்டிருக்காங்க” என்று இயக்குநர் அவளை அன்போடு ஓரமாக நகர்த்திவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“மதிப்புக்குரிய குழுவினரே! மருத்துவம் இதுவரை நோயைத் துரத்திக்கொண்டிருந்தது. நோய் பெரிய விஷயம். அதற்குக் காரணம் உண்டு, ஆழம் உண்டு, ஆளைக் கொல்லும் குணம்கூட உண்டு. அதை அளப்பது கடினம். எனவே நாம் அளக்க முடிந்ததை எடுத்துக்கொண்டோம். இதோ, இந்த எளிய மனிதர் காலையில் நம் வாசலுக்கு வந்தபோது வலியால் துடித்தார். ஊசி இல்லை. மாத்திரை இல்லை. அறுவை இல்லை. ஒரு டாக்டர்கூட எட்டு மணிக்குப் பிறகு இவரைத் தொடவில்லை என்பதைப் பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன். நாம் செய்ததெல்லாம், மணிக்கொரு முறை கேட்டோம். கேட்பதே சிகிச்சை!”

எல்லோரும் கை தட்டினார்கள். குழுத் தலைவர் நெகிழ்ந்துபோய், “இவர் நாலு அடி நடந்து வந்து இந்தப் பூங்கொத்தை வாங்கிக்கட்டும், ஒரு படம் எடுத்துடலாம்” என்றார்.

“என்னால நிக்க முடியாதுங்க” என்றார் குழாய்க்காரர்.

“கூச்சப்படறாரு” என்றார் அலுவலர்.

இரண்டு பேர் தோளுக்கடியில் கைகொடுத்துத் தூக்கி நிறுத்தினார்கள். புகைப்படக்காரர், “கொஞ்சம் விலகிக்கங்க” என்றார். விலகிக்கொண்டார்கள். குழாய்க்காரர் நின்ற இடத்திலேயே மடங்கினார். விழும் வழியில் நெற்றி பூந்தொட்டியின் விளிம்பில் மோதி, புருவத்துக்கு மேல் பிளந்துகொண்டது. ரத்தம் கட்டாத மாத்திரை சாப்பிடுகிறவர் ஆயிற்றே, வெள்ளைச் சட்டை முழுக்கச் சிவப்பாகிவிட்டது.

பழக்கதோஷத்தில் நர்ஸ்தான் முதலில் குனிந்தாள். “பத்துக்கு எத்தனைண்ணே?”

“எட்டு” என்றார் குழாய்க்காரர். நெற்றி உண்மையிலேயே அப்படி வலித்தது.

அதற்குப் பிறகு எல்லாம் பம்பரமாகச் சுழன்றன. ஆரஞ்சுப் பட்டை கட்டி ஐந்து நிமிஷத்தில் ஸ்கேன் கதவு திறந்தது. தலையை ஸ்கேன் எடுத்தார்கள். தலை மிக நன்றாக இருந்தது. தலையில் ஒன்றுமில்லை என்று எழுதி வெளியே தள்ளப் போனார்கள். மனைவி கதவுக்குக் குறுக்கே உட்கார்ந்துவிட்டாள். சண்டை போடவில்லை. கசங்கிப்போன சீட்டை நீட்டினாள். ஒரு பக்கம் காபிக் கணக்கு, மறுபக்கம் இரண்டு கோடு போட்ட எழுத்து. “அண்ணே, ஒரே ஒரு தடவை இடுப்பைப் பாருங்க. உங்க காலைத் தொட்டுக் கும்பிடறேன்.”

ஸ்கேன் எடுப்பவர் சீட்டைப் படித்தார். ஸ்ட்ரெச்சரில் இரண்டு பக்கமும் சரிந்து கிடந்த பாதங்களைப் பார்த்தார். கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். தலைக்கு என்று எழுதிய தாளைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, மேடையை நகர்த்தினார். அந்த மருத்துவமனையில் அன்றைக்கு நடந்த ஒரே விதிமீறல் அதுதான். அதற்காக அவருக்குப் பிறகு விளக்கம் கேட்டுக் கடிதமும் வந்தது.

திரையில் தெரிந்ததை விளக்க நிபுணர் தேவைப்படவில்லை. இடுப்புக்கு மேலிருந்து கீழ்வரை, நரம்புகள் போகும் பாதையை ஒட்டி ஒரு விரல் நீளத்துக்கு ரத்தம் கட்டிக்கொண்டு, நரம்புகளை ஓரத்தில் நசுக்கிவைத்திருந்தது. காலையில் ஒரு டாக்டர் சுத்தியலும் விரலும் வைத்துச் சொன்னது அதேதான்.

அறுவை மருத்துவர் ஓடிவந்தார். ரத்தத்தை உறையவைக்கும் மருந்தை ஏற்றச் சொல்லிக்கொண்டே, “எப்ப மரத்துச்சு?” என்று கேட்டார்.

“காலையில ஒன்பது மணிக்கு” என்றாள் மனைவி.

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்தாகப் போகிறது. “ஏம்மா, இவ்வளவு நேரம் எங்க இருந்தீங்க?” என்று கத்தினார்.

“இங்கதாங்க” என்றாள் அவள்.

கட்டியிருந்த ரத்தத்தை எடுத்துவிட்டார்கள். அறுவை சுத்தமாக முடிந்தது என்றார்கள். அந்த மருத்துவரின் கையில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. காலையில் பார்த்த பெண் டாக்டர் மறுநாள் வந்து படுக்கையருகே நின்றார். குழாய்க்காரரின் கால் கட்டைவிரலைத் தன் விரலால் அழுத்தி, “தூக்குங்க” என்றார். அவர் தூக்கினார், தூக்கியதாகத்தான் அவருக்குத் தோன்றியது. டாக்டர் வெளியே போய் அழுதுவிட்டு வந்ததை மனைவி பார்த்தாள்.

விசாரணையும் நடந்தது. குறை சொல்லக் கூடாது, நியாயமாகவே நடந்தது. பிற்பகல் இரண்டு மணி முதல் நோயாளி முதுகிலோ காலிலோ வலி என்று ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை என்று விசாரணை முடிவு சொன்னது. அது உண்மை என்பதால் குழாய்க்காரரும் அதில் கையெழுத்துப் போட்டார். தரச்சான்று வந்து சேர்ந்தது.

இரண்டு வாரம் போயிற்று. ஒருநாள் காலையில் வலது காலின் கட்டைவிரல் லேசாக அசைந்தது. மனைவிதான் பார்த்தாள். பயிற்சியாளர் வந்து தினமும் காலை மடக்கி நீட்டினால், கொஞ்சம் கொஞ்சமாக இன்னும் அசையலாம் என்றார் பெண் டாக்டர். ஆறு மாசம், ஒரு வருஷம் ஆகலாம், ஆனால் விடாமல் செய்ய வேண்டும், இங்கே இருந்தால்தான் செய்ய முடியும். அன்றைக்கே ஒரு தாளும் வந்தது. தொடர்ந்து மூன்று நாள் பூஜ்யத்தில் இருக்கும் நோயாளி முழு குணம் அடைந்தவராகக் கருதப்பட்டு வீட்டுக்கு அனுப்பப்படுவார். பயிற்சிப் பிரிவு, வலி ஐந்துக்கு மேல் உள்ளவர்களுக்கு மட்டும். குழாய்க்காரருக்கு அது பூஜ்யத்தின் மூன்றாவது நாள்.

மனைவி தாளை வாசித்துக் காட்டினாள். இந்தத் தடவை அவள் ஒன்றும் சொல்லித்தரவில்லை. வீட்டுக்கு எடுத்துப்போகத் துணிகளை மடித்துவைக்கத் தொடங்கினாள். மடித்த சட்டையையே அவள் உதறி மறுபடி மடித்ததைக் குழாய்க்காரர் பார்த்துக்கொண்டிருந்தார். அவளும் நாற்பத்தெட்டு வயதுக்காரி. கட்டிலிலிருந்து இறக்க, ஏற்ற, கழுவ, திருப்பிப்போட, இனி வீட்டில் அவள் ஒருத்திதான்.

அதே நர்ஸ் வந்தாள். “பத்துக்கு எத்தனைண்ணே?”

“பத்து” என்றார் குழாய்க்காரர்.

மனைவியின் கை துணியில் அப்படியே நின்றது. நர்ஸ் அவரை ஏறிட்டுப் பார்த்தாள். “எங்கண்ணே வலிக்குது?”

“ரெண்டு கால்லயும். தாங்க முடியல.”

போர்வைக்குள் கால்கள் அசையாமல் கிடந்தன. நர்ஸ் அவற்றைப் பார்த்தாள்; அவரைப் பார்த்தாள்; பேனாவை எடுத்துப் பத்து என்று எழுதி, சுற்றி ஒரு வட்டம் போட்டாள். வெள்ளைப் பட்டையைக் கத்தரித்துச் சிவப்பைக் கட்டினாள். கட்டி முடித்துவிட்டு, அந்த மணிக்கட்டை விடாமல் பிடித்துக்கொண்டு, மனசு கேட்காமல் சொன்னாள்.

“இந்த ஒரு வார்த்தையை அன்னிக்கு மத்தியானமே சொல்லியிருந்தா, நடந்தே வீட்டுக்குப் போயிருப்பீங்களேண்ணே.”

வெளியே நடைபாதையில் இரண்டு டாக்டர்கள் அதற்குள் ஓடிவரத் தொடங்கியிருந்தார்கள்.